இருபது வருட மாத்திரைச் சீட்டும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு நடக்கும் நாளில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும். நம் காலனிகளிலிருந்து வந்தவர்களும் அதில் நிற்பார்கள். கையில் மஞ்சள் பை. அதற்குள் மடித்து மடித்து நடுவே கிழிந்துபோன ஓ.பி. சீட்டு. கூட வந்திருப்பது பெரும்பாலும் அம்மா அல்லது அக்கா. அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருப்பார்கள். "எத்தனை வருசமா மாத்திரை?" என்று கேட்டால், "அது ஆச்சு, பதினஞ்சு இருபது வருசம்" என்பார்கள். "என்ன நோய்னு சொன்னாங்க?" என்று கேட்டால், "மனநிலை சரியில்லன்னாங்க" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மாத்திரை தேவைதான். மனச்சிதைவும் மனச்சோர்வும் உண்மையான நோய்கள். மாத்திரை பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் இன்னொரு வகையினரும் நிற்கிறார்கள். பிறவியிலேயே ஆட்டிசம் உள்ளவர்கள், அது என்னவென்று யாரும் சொல்லாமலேயே முப்பது, நாற்பது, ஐம்பது வயதை எட்டியவர்கள். "சின்ன வயசுல இவர் எப்படி இருந்தார்?" என்ற ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்க ஆளில்லாததால், வேறொரு நோயின் பெயரில் வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்குகிறவர்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றிப் பேசுவோம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் நோயல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. தொற்றாது. தாயின் வளர்ப்பால் வராது. தடுப்பூசியால் வராது, 1998இல் தடுப்பூசியோடு இதை முடிச்சுப் போட்டு இங்கிலாந்தில் வெளியான கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. முன்வினைப் பயனும் இல்லை, செய்வினையும் இல்லை.

இதன் அடையாளங்களை இரண்டு பெரிய பிரிவாகச் சொல்லலாம். முதலாவது, மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் உள்ள வேறுபாடு. பேச்சின் உட்பொருள், கேலி, கண் ஜாடை, முகக் குறிப்பு இவை எளிதில் பிடிபடாது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, ஒரே மாதிரியான பழக்கங்களில் பிடிப்பு. ஒரே சோறு, ஒரே வழி, ஒரே இடம். ஏதாவது ஒன்றில் மிக ஆழ்ந்த ஈடுபாடு. அதோடு சத்தம், வெளிச்சம், வாசனை, துணியின் உரசல் போன்றவற்றை மற்றவர்களைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது.

சிலருக்குப் பேச்சே வராது, எப்போதும் துணை வேண்டும். சிலர் நன்றாகப் பேசுவார்கள், படிப்பார்கள், வேலைக்கும் போவார்கள். ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு நாளும் பெரும்பாடு படுவார்கள். கண்டுகொள்ளப்படாமல் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர்தான்.

அரசு ஆவணங்களில் இதற்கு 'புற உலக சிந்தனையற்றோர்' என்றொரு பெயர் இருக்கிறது. பெயரே தவறாக வழிகாட்டுகிறது. இவர்களுக்கு வெளியுலகச் சிந்தனை இல்லாமலில்லை. வெளியுலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்து இடிப்பதுதான் பலருக்குத் தொல்லை.

பெரியவர்களிடம் ஏன் தெரியாமல் போனது?

'ஆட்டிசம்' என்ற சொல்லை சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர் முதலில் பயன்படுத்தியதே மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியைச் சொல்லத்தான். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, இது தனியான ஒன்று என்று எழுதினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் அதேபோன்ற சிறுவர்களைப் பற்றி எழுதினார். அப்படியும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல் 1980இல்தான் ஆட்டிசத்தை மனச்சிதைவிலிருந்து பிரித்துத் தனிப் பெயராகப் போட்டது. லேசான அடையாளங்கள் உள்ளவர்களையும் சேர்த்து ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது 2013இல்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகை குறைபாடுகள் மட்டுமே இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக முழுமையாக ஏற்கப்பட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1980இல் நம் காலனியில் பிறந்த ஒருவருக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர் பள்ளிக்குப் போன காலத்தில் ஆசிரியருக்கும் இந்தச் சொல் தெரியாது, கிராமச் செவிலியருக்கும் தெரியாது. இருபது வயதில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது, இருந்த பெயர்களில் ஏதோ ஒன்று ஓ.பி. சீட்டில் எழுதப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மருத்துவரும் முந்தைய சீட்டைப் பார்த்து அதையே எழுதினார்கள்.

இது ஊகமல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் அரசு மனநல மருத்துவமனையில் தங்கியிருந்த 141 பேரை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அவர்களில் 14 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, அதுவரை கண்டுபிடிக்கப்படாத ஆட்டிசம் இருந்தது. 2012இல் அந்த ஆய்வு வெளியானது. இங்கிலாந்தில் பெரியவர்களிடையே நடத்தி 2011இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, ஆயிரம் பேரில் சுமார் 10 பேருக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சொன்னது. படிப்புத் தகுதி இல்லாதவர்களிடமும், அரசு கட்டிக்கொடுத்த வாடகை வீடுகளில் வாழ்கிறவர்களிடமும் இந்த விகிதம் கூடுதலாக இருந்தது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆட்டிசம் நகரத்து வசதியானவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதாக நினைக்கிறோம். அவர்களுக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது, நமக்குக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் விஷயத்தில் இது எண்களோடு நிறுவப்பட்டிருக்கிறது. பிலடெல்பியாவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் இருந்த குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையினக் குழந்தைகளைவிட ஒன்றரை ஆண்டு அளவுக்குத் தாமதமாகவே கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது தெரிந்தது. அதே அடையாளத்தோடு வந்த கறுப்பினக் குழந்தைக்கு 'நடத்தைக் கோளாறு' என்று பெயர் போகும் வாய்ப்பு அதிகம் என்றும் பின்னால் வந்த ஆய்வு சொன்னது. நம் பிள்ளைக்கு 'அடங்காப் பிடாரி' என்று பெயர் வைப்பதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

விளக்கத்துக்காக ஓர் ஆள்

விளக்கம் எளிதாக இருக்க, ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. சின்ன வயதில் தாமதமாகப் பேசியவர். தெருப் பிள்ளைகளோடு கோலி ஆடாமல், கோலிகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தவர். புளிக்குழம்பு தவிர வேறு எதையும் தொடமாட்டார். அந்தப் பக்கம் போகும் எல்லாப் பேருந்துகளின் நேரமும் மனப்பாடம். துக்க வீட்டில் பறை அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வயல் பக்கம் ஓடிவிடுவார். "நம்ம தொழிலே அதுதான், இவனப் பாரு" என்று சித்தப்பா திட்டுவார்.

எட்டாம் வகுப்பில் பையன்கள் கேலி செய்ததில் பள்ளி நின்றது. சித்தாள் வேலைக்குப் போனார். மேஸ்திரி ஒரே நேரத்தில் மூன்று வேலை சொன்னால் அப்படியே நின்றுவிடுவார். ஒருநாள் கலவை இயந்திரத்தின் சத்தத்திலும் எல்லாரும் கத்தியதிலும் தாங்க முடியாமல், தலையைச் சுவரில் மோதி அலறினார். அன்றைக்குத்தான் "பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து தொடங்கியது மாத்திரை.

இப்படி ஒருவரை உங்கள் தெருவிலும் தெரியும் என்று தோன்றுகிறதா? அப்படியானால் மேலே படியுங்கள்.

மருத்துவர் அறையில் நடக்கும் குழப்பம்

கூட்டம் நிறைந்த ஒரு காலையில், சில நிமிடங்களில் ஒரு மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "காதுல குரல் கேக்குதா?" சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் "கேக்குது" என்பார். எதிரே பேசும் மருத்துவரின் குரல் கேட்கிறதே! சீட்டில் 'மாயக்குரல்' என்று பதிவாகிவிடும்.

தனக்குத்தானே பேசுகிறார் என்று வீட்டார் சொல்வார்கள். கடைக்குப் போய் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்ப்பதாக இருக்கலாம். முகத்தில் உணர்ச்சியே இல்லை என்று எழுதுவார்கள். உணர்ச்சி உள்ளே இருக்கும், முகத்துக்கு வராது. யாரோடும் சேரவில்லை என்பார்கள். சேர்ந்தபோதெல்லாம் அடிபட்டிருப்பார். எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அடுக்குகிறார் என்றால் 'எண்ணச் சுழற்சி நோய்' என்ற பெயர் வரும். அந்த நோயில் செய்கிறவருக்கே அது வேதனை. ஆட்டிசத்தில் அப்படி அடுக்குவது பெரும்பாலும் ஆறுதல்.

அப்படியானால் வேறுபாட்டை எப்படித் தெரிந்துகொள்வது? காலம்தான் முதல் சாட்சி. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். அதுவரை நன்றாக இருந்த பிள்ளை மாறிப்போனான் என்று வீட்டார் சொல்வார்கள். ஆட்டிசத்தில் அந்த மாற்றம் இருக்காது. "இவன் பொறந்ததுலேருந்தே இப்படித்தான்" என்பார்கள். இந்த ஒரு வாக்கியம் எந்த மருத்துவச் சோதனைக்கும் குறையாத தகவல். அதை வீட்டார் சொல்ல வேண்டும், மருத்துவர் கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு நோயும் தற்கொலை எண்ணமும்கூட அதிகம். ஆகவே 'ஆட்டிசம்தான், மாத்திரை வேண்டாம்' என்று நாமே முடிவு செய்வது ஆபத்து. மனநோய் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் உடல்நிலை மோசமாகலாம். குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும்.

சாதி போடும் திரை

ஆட்டிசத்தின் அடையாளமாகப் புத்தகங்கள் முதலில் சொல்வது, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசாதது. இதை நம் ஊரில் யார் கவனிப்பார்கள்? ஊர்த்தெரு ஆள் எதிரே வந்தால் தலையைக் குனிந்து ஒதுங்கிப் போகவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மிரட்டிப் பழக்கிய சமூகம் இது. நம் பிள்ளை கண்ணைப் பார்க்காமல் பேசினால் 'அடக்கமான பையன்' என்று ஆசிரியர் மெச்சுவார். மருத்துவர் அறையிலும் அது பணிவாகவே தெரியும்.

அதே ஆள் இன்னொரு பக்கம் ஆபத்தில் இருக்கிறார். சாதி எழுதப்படாத விதிகளால் நடக்கிறது. எந்தத் தெருவில் எப்படி நடக்க வேண்டும், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று எவரும் பலகை எழுதி வைப்பதில்லை. ஜாடையாலும் குரலாலும்தான் கற்றுத்தருகிறார்கள். ஜாடை புரியாதவர் இந்த விதிகளையும் மீறுவார். கூலி குறைந்தால், "அம்பது ரூபா குறையுது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். அவர் சொன்னது நியாயம், ஊர் அதற்கு வைக்கும் பெயர் 'திமிர்'. மற்றவர்கள் பயந்து விழுங்கும் உண்மையை அவர் சொல்லிவிடுகிறார், அதற்கு அடி வாங்குகிறார். அடி வாங்கியபின் அந்தத் தெருவுக்குப் போகவே அஞ்சுகிறார். அந்த அச்சமும் சீட்டில் 'சந்தேக நோய்' என்று ஏறுகிறது. நிஜமாகவே அடித்தவர்கள் இருக்கும் ஊரில், அடிப்பார்கள் என்று அஞ்சுவது நோயா என்பதை மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது திரை பள்ளிக்கூடத்தில் விழுகிறது. மற்ற வீட்டுப் பிள்ளை படிப்பில் தடுமாறினால் 'என்ன பிரச்சினை?' என்று கேட்கிறார்கள். நம் பிள்ளை தடுமாறினால் 'இவங்களுக்குப் படிப்பு ஏறாது' என்று முடித்துவிடுகிறார்கள். கேள்வியே எழாத இடத்தில் பதில் எங்கிருந்து வரும்?

நான்காவது திரை நம் வறுமை. ஆட்டிசத்தை உறுதி செய்ய முதல் மூன்று நான்கு வருட வளர்ச்சி தெரிய வேண்டும். எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்று மருத்துவர் கேட்பார். விடியற்காலையில் நாற்று நடவுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பிய தாய்க்கு அது எப்படி நினைவிருக்கும்? பிள்ளையை வளர்த்தது பாட்டியும் மூத்த அக்காவும். "தெரியலைங்க" என்று அம்மா சொன்னதும் அந்தப் பக்கம் வெற்றாகிவிடுகிறது.

பெண்களுக்கு இன்னும் தாமதம்

பெண் பிள்ளைகளிடம் ஆட்டிசம் இன்னும் தாமதமாகவே தெரியவருகிறது. மற்றவர்களைப் பார்த்து அவர்களைப்போலவே சிரிக்கவும் பேசவும் பழகிக்கொள்வார்கள். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் களைத்துச் சுருண்டுவிடுவார்கள். அமைதியான பெண் என்றால் ஊருக்கு மகிழ்ச்சி, யாரும் கவலைப்படுவதில்லை. கல்யாணமாகிப் புது வீடு, புது ஆட்கள், புது அடுப்படி என்று எல்லாம் ஒரே நாளில் மாறும்போதுதான் உடைகிறார்கள். "பேய் பிடிச்சிருக்கு" என்றோ "குடும்பம் நடத்தத் தெரியல" என்றோ சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனைக்குப் போனாலும் மனச்சோர்வு, ஹிஸ்டீரியா என்ற பெயர்களைத் தாண்டிப் பார்ப்பது அரிது. சொல்லை அப்படியே நம்பும் இவர்கள் பாலியல் சுரண்டலுக்கும் எளிதில் இலக்காகிறார்கள்.

பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இங்கே நினைவுகூர வேண்டும். சாதி, பாலினம், உடல் குறைபாடு மூன்றும் ஒருவர்மேல் சேர்ந்து விழும்போது அந்த ஒடுக்குமுறையைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசியது. கண்டறியப்படாத ஆட்டிசத்தோடு வாழும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும்.

சங்கிலியும் வேப்பிலையும்

மருத்துவமனைக்கு முன்னால் பூசாரியிடம் போகிறோம். வேப்பிலை அடிக்கிறோம், கயிறு கட்டுகிறோம், கோயிலிலும் தர்காவிலும் மாதக்கணக்கில் தங்க வைக்கிறோம். நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் கட்டிப்போடுவது குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் எவரையும் சங்கிலியிட்டுக் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

வீட்டார் எதைக் கொண்டுபோக வேண்டும்?

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை வளர்த்த பாட்டி, அத்தை, அக்கா எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். படிக்கும் பிள்ளை ஒருவர் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டில் அதே வருடம் பிறந்த பிள்ளையோடு ஒப்பிட்டால் தேதி நினைவுக்கு வரும். அந்தப் பிள்ளை பேசியபோது இவன் பேசினானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா? எதையாவது கைகாட்டிக் கேட்டானா? யாரோடு விளையாடினான், எப்படி விளையாடினான்? எந்தச் சத்தத்துக்கு அலறினான்? எதைத்தான் சாப்பிட்டான்? வழக்கம் மாறினால் என்ன செய்தான்? கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது உண்டா? பால்வாடி ஆயாவோ தொடக்கப்பள்ளி ஆசிரியரோ இன்னும் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பழைய மதிப்பெண் அட்டை, பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம்: "ஐயா, இவருக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படி இருக்கு. ஆட்டிசமா இருக்குமான்னு பாக்க முடியுமா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைச் சொல்லிவிடாது. வளர்ந்த கதையைக் கேட்டும் ஆளைக் கவனித்தும்தான் முடிவு செய்ய முடியும். சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 70 புள்ளிக்கு மேல் இருந்தால் ஆட்டிசம் என்று கொள்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. மனநலம் குறித்துத் தொலைபேசியில் கேட்க 14416 என்ற டெலிமானஸ் எண் இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?

நாற்பது வயசுக்கு மேல் பெயர் தெரிந்து என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டிசத்தைப் போக்க மருந்தில்லை என்பது உண்மை. ஆனால் தேவையில்லாத மருந்து குறையலாம். மனநோய் மாத்திரைகளால் நாளெல்லாம் தூக்கம், கை நடுக்கம், உடல் பருத்தல், சர்க்கரை என்று பல தொல்லைகள் வரக்கூடும். கூலி வேலை செய்து பிழைப்பவருக்கு நாளெல்லாம் தூக்கம் என்பது நாளெல்லாம் பட்டினி.

வீட்டிலும் பல மாறும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லுங்கள். நாளைக்கு எங்காவது போவதாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவையுங்கள். திருவிழா ஒலிபெருக்கி, வெடிச் சத்தம் இருக்கும் நாளில் ஒதுங்க ஓர் இடம் கொடுங்கள். அலறிக்கொண்டிருக்கும்போது கூட்டமாகச் சூழ்ந்து பிடிக்காதீர்கள். சத்தத்தைக் குறைத்து, சற்றுத் தள்ளி நில்லுங்கள், தணியும். வேலையைப் பொறுத்தவரை, ஒழுங்கும் ஒரே முறையும் உள்ள வேலைகள் பலருக்கு ஒத்துவரும். நாற்றங்கால், ஆடு மாடு பராமரிப்பு, அச்சகம், கணினிப் பதிவு என்று ஆளுக்குத் தகுந்தபடி பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான் பைத்தியமில்லை, நான் வேறு மாதிரி' என்று ஒருவர் தன்னைத் தெரிந்துகொள்கிறார். 'எங்க வளர்ப்புல என்ன தப்பு' என்று இருபது வருடமாக அழுத ஒரு தாய்க்கும் பதில் கிடைக்கிறது.

சட்டம் தரும் பிடி

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஒருவரின் சமூக, பொருளாதார நிலையை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. தன் சமூகத்தின் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இப்போதும் நோய் இருப்பதற்குக் காரணமாகிவிடாது. இவை மூன்றும் 3ஆவது பிரிவில் இருக்கின்றன. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. நம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை 25ஆவது பிரிவில் இருக்கிறது.

ஆட்டிசம் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டிலும், உயர்கல்வியில் 5 விழுக்காட்டிலும் இடம் கோரலாம். வேலைக்கான 4 விழுக்காட்டில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்கு உரியது. இந்த ஒதுக்கீடு எல்லாப் பிரிவுகளுக்கும் குறுக்காகச் செல்வது. பட்டியல் சாதி ஒதுக்கீட்டை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். இவற்றுக்கெல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம்.

மாணவர்களுக்கு

விடுதியிலோ கல்லூரியிலோ படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நகரத்துக்குப் போனதும் பேச்சை மாற்றி, பெயரை மறைத்து, சாதி தெரியாதபடி நடிக்க வேண்டிய நிலை நம்மில் பலருக்கு வருகிறது. ஆட்டிசம் உள்ளவர் அதற்குமேல் இன்னொரு நடிப்பையும் சுமக்கிறார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, கண்ணைப் பார்ப்பதுபோல் நெற்றியைப் பார்ப்பது என்று நாளெல்லாம் கணக்குப் போடுகிறார். இரட்டைச் சுமை ஒருநாள் ஆளையே சாய்த்துவிடும். அறையைவிட்டு வெளியே வராமல் இருக்கும் விடுதித் தோழரைக் 'கிராக்கு' என்று கூப்பிடாதீர்கள். பக்கத்தில் போய், நேரான சொல்லில் கேளுங்கள்.

காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு 'எனக்கும் ஆட்டிசம்' என்று முடிவு கட்டவும் வேண்டாம். கூச்சம் எல்லாம் ஆட்டிசமாகாது. சாதி தந்த காயமும் ஒருவரை ஒதுங்கச் செய்யும். சந்தேகத்தை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதே சரியான வழி.

நம் அம்பேத்கர் மன்றங்களும் மாலைப் படிப்பகங்களும் இதைக் கையில் எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தெருவில் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களின் வீட்டுக்குப் போய், வீட்டாரின் சம்மதத்தோடு, சின்ன வயது விவரங்களை எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரிந்த நீங்கள் எழுதும் அந்த ஒரு தாள், சீட்டைப் பார்த்து மட்டும் மருந்து எழுதும் வழக்கத்தை நிறுத்தக்கூடும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்கும் போங்கள். கிராமசபையில் மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் வட்டார மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். அவர் வரும் நாளில் ஒவ்வொருவரிடமும் சின்ன வயது எப்படி இருந்தது என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.